கண் சிமிட்டலுக்குக் கோதுமையை நிறுத்தலாமா? (பிள்ளைகளின் டிக்ஸும் சாப்பாடும்)

கேள்வி: நிலக்கோட்டை அம்மா, 2024 ஜூன் 16

பையனுக்கு எட்டு வயது. மூன்று மாதமாகக் கண்ணை இறுக்கி இறுக்கி மூடித் திறக்கிறான். கண் டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். இப்போது தோளையும் உதறுகிறான், தொண்டையைச் செருமுகிறான். குழந்தைகள் டாக்டர் "டிக்ஸ்தான், தானா போயிடும்" என்று அனுப்பிவிட்டார் (நினைக்காமலே திரும்பத் திரும்ப வரும் அசைவையும் சத்தத்தையும் அப்படிச் சொல்கிறார்கள்). யூடியூபில் ஒருவர் கோதுமை, பால், சர்க்கரை மூன்றையும் நிறுத்தினால் நின்றுவிடும் என்கிறார். நிறுத்திவிட்டேன். நாலு நாளாகக் குறைந்த மாதிரிதான் தெரிகிறது. ஆனால் சப்பாத்தி கேட்டு அழுகிறான். தொடரலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தெப்பக்குளம், ஜூன் 16, இரவு

முதலில் பாலையும் தயிரையும் திருப்பிக் கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். வளர்கிற பிள்ளைக்கு அதை ஒரே நாளில் நிறுத்தினால் கால்சியத்துக்கும் புரதத்துக்கும் வேறு ஏற்பாடு இருக்க வேண்டும். அந்த வீடியோக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா?

என் மகனுக்கும் கண்ணில்தான் ஆரம்பித்தது, ஆறு வயதில். இப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாப்பாடுதான் என் பிழைப்பு. டிக்ஸைச் சாப்பாட்டால் நிறுத்த முடியும் என்றால் அதை முதலில் செய்து முடித்திருப்பவள் நான்தான்.

தெப்பக்குளம், ஜூன் 17

"குறைந்த மாதிரி தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் நேற்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிக்ஸ் ஏறி இறங்கும். சில வாரம் பிடுங்கி எடுக்கும், சில வாரம் காணாமலே போகும். கண்ணை விட்டுத் தோளுக்குப் போகும், தோளை விட்டு மூக்குக்கு வரும். எந்த வீட்டிலும் பிள்ளை நன்றாக இருக்கும் வாரத்தில் யாரும் பத்தியம் ஆரம்பிப்பதில்லை. பார்க்க முடியாத அளவுக்கு ஏறி, பெரியவர்கள் எல்லாரும் கேள்வி கேட்டு, ஆற்றாமல் போகும்போதுதான் ஆரம்பிக்கிறோம். உச்சத்தில் இருப்பது அடுத்து இறங்கத்தான் செய்யும். இறங்கும்போது கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். கோதுமையை நிறுத்தினால் கோதுமைக்கு, கயிறு மந்திரித்துக் கட்டினால் கயிற்றுக்கு.

எங்கள் வீட்டில் மாமியார் திருஷ்டி சுற்றிப்போட்ட மறுநாள் சுத்தமாக நின்றது. பதினைந்து நாளைக்குள் வேறு உருவத்தில் வந்தது, மூக்கை உறிஞ்சுவது.

தெப்பக்குளம், ஜூன் 17, மாலை

கேட்டவர்களுக்காக அடிப்படை மட்டும். பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் தொடங்கும், 10 முதல் 12 வயது வாக்கில் உச்சத்துக்குப் போகும், அதற்குப் பிறகு நிறையப் பிள்ளைகளுக்குத் தணியும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். உடல் அசைவுகள் பலவும் குரல் டிக் ஒன்றாவதும் ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதை டூரெட் என்பார்கள். பாரிஸில் ஜில் த லா தூரெட் என்ற மருத்துவர் 1885-இல் ஒன்பது பேரை வைத்து எழுதியதால் வந்த பெயர். உங்கள் பையனுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தப் பெயரை இப்போதே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தெப்பக்குளம், ஜூன் 19

கோதுமை விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோ எதை வைத்துப் பேசுகிறது என்று தேடினேன். 2018-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வாகத்தான் இருக்கும். டூரெட் உள்ள 29 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், ஓராண்டு குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) இல்லாத சாப்பாடு. டிக்ஸ் குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கோதுமையை நிறுத்தாத இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிடவில்லை, நிறுத்தியது எல்லாருக்கும் தெரியும். ஏறி இறங்கும் ஒன்றை ஒப்பீடே இல்லாமல் ஓராண்டு பார்த்தால் என்ன வரும் என்று நேற்று முன்தினம்தான் எழுதினேன்.

இதைவிட முக்கியமான ஒன்று. கோதுமையால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் (அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு ஊதல், எடை ஏறாமை, வளர்த்தி இல்லாமை), சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் நோய்) ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நிறுத்தி மாதக்கணக்கில் கழித்து எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். நீங்கள் நிறுத்தி சில நாள்தான் ஆகிறது. சப்பாத்தியைக் கொடுங்கள், சந்தேகம் இருந்தால் பரிசோதனையை எடுங்கள்.

என் மகனிடம் இதைச் சொன்னேன். "பரோட்டாவ நிறுத்துனா டிக்ஸ் போகாதும்மா, நான்தான் வீட்ட விட்டுப் போவேன்" என்றான். மதுரையில் பிறந்தவன்.

தெப்பக்குளம், ஜூன் 23

சேலத்துத் தம்பி, டிக்ஸுக்குச் சர்க்கரைதான் காரணம் என்பதை விடமாட்டேன் என்கிறார். "என் பொண்ணு மிட்டாய் தின்ன அரை மணி நேரத்துல ஆரம்பிச்சிடுது, கண்ணால பாக்குறேன்."

பார்க்கிறீர்கள், சரி. 1994-இல் ஹூவர், மிலிச் என்ற இருவர் செய்ததைப் படியுங்கள். 5 முதல் 7 வயதுப் பையன்கள். அம்மாக்கள் எல்லாருமே "என் பையனுக்குச் சர்க்கரை ஆகாது" என்று சொன்னவர்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். பாதி அம்மாக்களிடம் மட்டும் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பையன் அடங்காமல் ஆடியதாகச் சொன்னார்கள். ஆய்வில் எடுத்த வீடியோவில் தெரிந்ததோ வேறு: அவர்கள்தான் பையனை ஒட்டியே நின்றார்கள், அதிகம் குறை சொன்னார்கள், கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள்.

அது துறுதுறுப்பைப் பற்றிய ஆய்வு, டிக்ஸைப் பற்றியது அல்ல. ஆனாலும் என்னை உலுக்கியது அந்தப் பார்வைதான். டிக்ஸ் உள்ள பிள்ளையை உற்றுப் பார்த்தால், அதைப் பற்றியே பேசினால் ஏறலாம். மிட்டாய்க்குப் பிறகு அரை மணி நேரம் அந்தப் பிள்ளையை எத்தனை கண் பார்க்கிறது என்று பாருங்கள் தம்பி.

மிட்டாயைக் குறையுங்கள், பல்லுக்காக. அது போதுமான காரணம்.

தெப்பக்குளம், ஜூன் 30

காபி, டீ. இதில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து.

ஜெர்மனியில் டூரெட் உள்ள 224 பேரிடம் கேட்டு 2008-இல் வெளியிட்டார்கள்: எதைச் சாப்பிட்டால், குடித்தால் கூடுகிறது? கோலா, காபி, கறுப்புத் தேநீர் ஆகியவற்றைப் பலர் சொன்னார்கள். நினைவிலிருந்து சொன்னதுதான், நிரூபணம் ஆகாது. இருந்தாலும் இதை நான் தள்ளிவிடமாட்டேன், காரணம் தூக்கம். ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளைக்கு மறுநாள் டிக்ஸ் கூடுவதைப் பெரும்பாலான பெற்றோர் பார்த்திருப்போம். கஃபீன் உள்ளே போனால் பாதி இறங்கவே பல மணி நேரம் ஆகும். சாயங்காலம் டியூஷனுக்குப் போகும் முன் ஒரு டம்ளர் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறோம், பத்து மணிக்குத் தூங்கவில்லை என்று திட்டுகிறோம்.

கோலா 330 மில்லியில் 30 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் இருக்கும். பாலில் கலந்த டீயும் அளவைப் பொறுத்து அதற்குப் பக்கத்தில் வரும். "பிள்ளைக்கு ரெண்டாம் டிகாஷன்தான் குடுக்குறேன்" என்பவர்களுக்கு: நல்லது, அதையும் காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனர்ஜி டிரிங்க் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

இந்த இழையில் நான் தைரியமாக "எடுத்துவிடுங்கள்" என்று சொல்வது இது ஒன்றைத்தான். எடுத்தால் இழப்பு எதுவும் இல்லை.

தெப்பக்குளம், ஜூலை 14

நோட்டுப் போட்டு எழுதலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சாப்பிட்டது ஒரு பக்கம், டிக்ஸ் ஒரு பக்கம்.

எங்கள் வீட்டில் போட்டோம். ரூல் போட்ட நாற்பது பக்க நோட்டு, ஃபிரிட்ஜ் மேல் பேனாவோடு கிடக்கும். காலை, மதியம், இரவு என்று என் வீட்டுக்காரர் கட்டம் போட்டிருந்தார். எதிர்க்கட்டத்தில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. நாளாக நாளாக எந்தப் பதார்த்தத்தோடும் கோடுகள் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனது கிழமையோடு. ஞாயிறு சாயங்காலம் ஏறும், வெள்ளி இரவு இறங்கும். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் கட்டத்தில் இடமே இருக்காது. கிரிக்கெட் விளையாடிய சாயங்காலங்கள் வெறுமையாக இருந்தன, மைதானத்துக்கு வெளியே விற்கும் ஐஸை அவன் தின்ற நாளிலும்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக்கூட எடுக்காமல் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளேயிருந்து செருமல் கேட்கும், விடாமல், வேகமாக. சாப்பாட்டு மேசையில் பிடித்துவைத்திருந்ததை எல்லாம் அங்கே போய் விட்டுக்கொண்டிருந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, "இங்க பண்ணா நீங்க எழுதுவீங்கல்ல" என்றான். "கண்ணுக்குள்ள ஏதோ நிக்குதும்மா, சிமிட்டி எடுத்துவிட்டாத்தான் சரியாகும். எடுக்காம இருந்தா அதையேதான் நினைக்கத் தோணுது."

நோட்டு அன்றோடு பழைய பேப்பர்காரரிடம் போனது.

தெப்பக்குளம், ஜூலை 15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நோட்டே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் சொல்ல வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வரி, பிள்ளை தூங்கிய பிறகு, உங்கள் போனில். எந்த டிக் இருக்கிறது, தூக்கம் எப்படி, பள்ளியில் என்ன நடந்தது. அது பயன்படும். சாப்பாட்டு மேசையில்தான் கூடாது.

தெப்பக்குளம், ஆகஸ்ட் 11

நேற்று குடற்புழு நீக்க நாள். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வைத்திருக்கிறார்கள், மாத்திரை கொடுக்கும் தேதி ஊருக்கு ஊர் கொஞ்சம் தள்ளிப்போகும். தேனியிலிருந்து ஒரு பாட்டி (பேரனை வைத்து எழுதச்சொல்லி அனுப்பியிருக்கிறார், கும்பிடுகிறேன் பாட்டி) "எல்லாம் வயித்துப் பூச்சிதான், பல்லைக் கடிக்கிறது, கண்ணைச் சிமிட்டுறது" என்கிறார்.

பூச்சி மாத்திரை போடட்டும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சும்மா கொடுக்கிறார்கள். புழு இருந்தால் ரத்தம் குறையும், பசி கெடும், அதற்காக. கண் சிமிட்டல் அதனால் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேப்பங்கொழுந்து அரைத்து வாரக்கணக்கில் ஊட்டுவது வேண்டாம் பாட்டி, பையன் உங்களைக் கண்டாலே ஓடிவிடுவான்.

தெப்பக்குளம், ஆகஸ்ட் 14

பாட்டி சொன்னதிலிருந்து இரும்புச்சத்துக்கு வருவோம். டிக்ஸையும் சத்தையும் சேர்த்துப் பேசுவதில் எனக்கு ஓரளவு கனமாகத் தெரிவது இதுதான். டூரெட் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மூளையில் டோபமின் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருள்) தயாராக இரும்பு தேவை, டிக்ஸுக்கும் டோபமினுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால் யோசனை அந்தப் பக்கம் போகிறது. இரும்பு கொடுத்தால் டிக்ஸ் நிற்கும் என்று இதிலிருந்து தாவக்கூடாது.

ஆனால் நம் ஊரில் கேள்வியே வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. டிக்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டிய ஒன்று. இரும்பு குறைந்த பிள்ளை சோர்ந்துபோகும், கால் குடைச்சலில் புரளும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று ஜூன் 30 குறிப்பில் இருக்கிறது.

டாக்டரிடம் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீர்கள், அப்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். குறைவு என்று தெரிந்தால் டாக்டர் சொன்ன அளவு மருந்து, சொன்ன காலம். நீங்களாக மருந்துக்கடையில் வாங்கி ஊற்றாதீர்கள். இரும்பு அதிகமானால் பிள்ளைக்கு ஆபத்து. பாட்டிலைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

சாப்பாட்டில்: ஆட்டு ஈரல், சுவரொட்டி, கீரையும் பருப்பும், தட்டைப்பயறு. கூடவே எலுமிச்சை பிழிந்து, அல்லது ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு டீ கூடாது, சேர்ந்த இரும்பை அது உறிஞ்சவிடாது. டீயை நிறுத்த இது இரண்டாவது காரணம்.

தெப்பக்குளம், செப்டம்பர் 8

மெக்னீசியம், பி6, மீன் எண்ணெய். கடையில் வாங்கிவிட்டு "கொடுக்கலாமா" என்று கேட்பவர்கள் வரவரக் கூடிவிட்டார்கள்.

மெக்னீசியமும் பி6-ம் சேர்த்து ஸ்பெயினில் முயன்றிருக்கிறார்கள், சிறிய முயற்சிகள், அதை வைத்து யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. பி6 தண்ணீரில் கரையும், அதிகமானால் வெளியே போய்விடும் என்று சொல்லி விற்கிறார்கள். அப்படி இல்லை. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் கைகால் நரம்பு கெட்டு மரத்துப்போகும். ஐரோப்பாவில் 2023-இல் பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 12 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு என்று குறைத்தார்கள். உங்கள் கையில் இருக்கும் அட்டையைத் திருப்பி எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள்.

மெக்னீசியம் வேண்டுமா, கேழ்வரகு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலில் 100 கிராமுக்கு சுமார் 146 மில்லிகிராம். கம்பும் நன்றாகவே தரும். எள்ளுருண்டை, வேர்க்கடலை. என் மகனுக்குக் கேழ்வரகு களி இறங்காது, முருங்கைக்கீரை போட்ட அடைதான். அடையில் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று வரும்வரை விட்டால் நாலு தின்பான்.

மீன் எண்ணெயை 2012-இல் அமெரிக்காவில் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 33 பிள்ளைகள், 20 வாரம். டிக்ஸ் மதிப்பெண்ணில் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. டிக்ஸால் வரும் தொந்தரவு சிலருக்குக் குறைந்தது என்றார்கள். மத்தி மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிக் குழம்பு வையுங்கள். எப்படியும் நல்லது.

தெப்பக்குளம், செப்டம்பர் 9

இது அவசரம், தனியாக எழுதுகிறேன். உசிலம்பட்டியிலிருந்து எழுதிய அம்மா: உங்கள் மகளுக்குத் தொண்டைவலி வந்து போனபின் கையெழுத்து கிறுக்கலாகிவிட்டது, டம்ளரைக் கீழே போடுகிறாள், கைகால் தன்பாட்டுக்கு அலைகிறது என்கிறீர்கள். இது டிக்ஸ் மாதிரி இல்லை. சாப்பாட்டு யோசனை எதுவும் இப்போது வேண்டாம். நாளைக் காலையே குழந்தைகள் டாக்டரிடம் போய் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலோடு சேர்ந்த கொரியாவாக (கைகால் தன்பாட்டுக்கு அலையும் நோய்) இருக்கலாம், அப்படியானால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், பென்சிலின் தேவைப்படும். போய்விட்டு வந்து எழுதுங்கள்.

தெப்பக்குளம், செப்டம்பர் 17

உசிலம்பட்டி அம்மா எழுதியிருக்கிறார். கொரியாதான். வைத்தியம் தொடங்கிவிட்டார்கள்.

தெப்பக்குளம், அக்டோபர் 27

தீபாவளி வருகிறது, பலகாரத்தில் போடும் கலர் பற்றிய கேள்விகளும் வந்துவிட்டன. 2007-இல் சவுத்தாம்ப்டனில் செய்த ஆய்வு, சில செயற்கை நிறங்களும் பதப்படுத்தும் பொருளும் கலந்த பானம் குடித்த பிள்ளைகளுக்குத் துறுதுறுப்பு சிறிதளவு கூடியதாகச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2010 முதல் ஐரோப்பாவில் அந்த ஆறு நிறங்கள் உள்ள பண்டங்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். அவற்றில் டார்ட்ரசின், சன்செட் எல்லோ போன்றவை நம் நாட்டில் அனுமதி பெற்றவை. டிக்ஸைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை.

நம் ஊரில் நான் பயப்படுவது அனுமதி இல்லாத நிறத்துக்கு. இந்தப் பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி கண்டுபிடித்துத் தமிழ்நாட்டில் தடை போட்டார்கள், துணிக்குப் போடும் சாயம் அது. பெட்டிக்கடையில் விரலில் மாட்டித் தின்னும் கலர் குடல் அப்பளத்தில் என்ன சாயம் என்று யாருக்குத் தெரியும்? அதை வாங்கித்தராதீர்கள். வீட்டு அதிரசத்தையும் முறுக்கையும் தாராளமாகத் தின்னட்டும். தெருவே பலகாரம் தின்னும்போது ஒரு பிள்ளையை மட்டும் ஒதுக்கி உட்காரவைப்பதைவிடப் பெரிய பதற்றம் அந்த வயதில் இல்லை.

தெப்பக்குளம், நவம்பர் 24

"சாப்பாட்டால் ஆகாதுன்னா வேற எதால ஆகும்?" நியாயமான கேள்வி. பல பிள்ளைகளுக்கு எதுவும் வேண்டாம், பள்ளியில் டீச்சரிடம் சொல்லிவைத்தாலே போதும். தொந்தரவு இருந்தால் முதலில் பேச்சும் பயிற்சியும்தான். 2010-இல் 126 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வாரப் பயிற்சியில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல முன்னேற்றம். வெறும் ஆறுதலும் விளக்கமும் பெற்ற கூட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அடக்கச்சொல்லும் பயிற்சி அல்ல. டிக் வரப்போகிறது என்று உள்ளே தெரியும் அந்தக் கணத்தில், அதோடு சேர்ந்து செய்ய முடியாத வேறொன்றைச் செய்வது. தோள் உதறலுக்கு முழங்கையை விலாவோடு அழுத்தி வைத்துக்கொள்வான் என் மகன். செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு. மனநலப் பிரிவில் உளவியலாளரிடம் "ஹேபிட் ரிவர்சல்" என்று கேளுங்கள்.

தெப்பக்குளம், டிசம்பர் 15

மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. டிக்ஸோடு சாப்பாடு நிஜமாகவே மோதும் இடம் இது, வீடியோக்களில் வருவதே இல்லை. டிக்ஸுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ரிஸ்பெரிடோன் பசியைக் கிளப்பிவிடும், அரிப்பிப்ரசோலும் சிலருக்கு எடை ஏற்றும். பிள்ளை தின்றுகொண்டே இருந்தால் "அளவில்லாம திங்கிற" என்று திட்டாதீர்கள், பசி மருந்தினுடையது. மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மாதம் ஒருமுறை எடை பாருங்கள், ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

பள்ளிவிட்டு வரும் நேரம்தான் பெரிய பசி. பிஸ்கட் டப்பாவை அதற்கு முன் உள்ளே வைத்துவிட்டு, சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ கொய்யாவோ, ஒரு பெரிய டம்ளர் மோரோ தயாராக வைத்திருங்கள். காலையில் இரண்டு முட்டை இருந்தால் மதியம்வரை தாங்கும். வீட்டில் எல்லாருக்கும் அதே சாப்பாடு.

தெப்பக்குளம், டிசம்பர் 22

நிலக்கோட்டை அம்மா திரும்பி வந்திருக்கிறார். சப்பாத்தி, பால் எல்லாம் கொடுத்துவிட்டாராம், சீலியாக் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஃபெரிட்டின் குறைவு, மருந்து ஓடுகிறது. கண் சிமிட்டல் தீபாவளிக்கு முன்பே போய்விட்டது, அரையாண்டுப் பரீட்சையில் தலையைச் சிலுப்புவது வந்திருக்கிறது. "இரும்பு மருந்தால வந்துச்சா?" என்று கேட்கிறார்.

இல்லை. பரீட்சை. மருந்தை டாக்டர் சொன்ன காலம்வரை கொடுங்கள், முடிந்ததும் ஃபெரிட்டினைத் திரும்பப் பாருங்கள். லீவில் விளையாட விடுங்கள். தலை சிலுப்பலைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்று அவன் அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். பிப்ரவரியிலும் இருந்தால், அல்லது கழுத்து வலிக்கிறது என்று அவன் சொன்னால், மதுரைக்கு வாருங்கள், பயிற்சிக்கு யாரிடம் போவது என்று விசாரித்துச் சொல்கிறேன்.